கல்லில்லா நாடு தந்த நிலவியல் அறிஞர்

தஞ்சைத் தரணி ஈன்ற பெரியோர் யார் யார் என்று கேட்டால் நம்மில் பலரும் உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவோம். திருவாரூரில் தோன்றிய சங்கீத மும்மூர்த்திகள், உத்தமதானபுரம் தந்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலில் இடம்பெற வேண்டியவரும், ஆனால் நம் மாணவரில் பெரும்பாலோர் அறியாதவருமான ஒருவர் உண்டு. அவரே நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் ஆவார்.

அவரை நாம் மறந்ததற்கு ஒரு காரணம் சொல்லலாம். அவர் ஆராய்ந்தது கல்லை. நாம் வாழ்வதோ கல்லே இல்லாத நாட்டில். கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக் கடற்கரை வரை நடந்து வந்தாலும் இயற்கையாய்த் தரையில் முளைத்து நிற்கும் ஒரு பாறையைக் காண முடியாது. வயலில் வண்டல், ஆற்றில் மணல், கடற்கரையில் மேலும் மணல். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வெளியூர்க் கல். தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லும் வெளியிலிருந்து கொணர்ந்ததே. இத்தகைய நாட்டில் பிறந்த ஒருவர் இமயம் முதல் குமரி வரை உள்ள பாறைகளின் வரலாற்றை ஒரே நூலில் எழுதி, பல தலைமுறை மாணவர்க்கு ஆசானாக விளங்கினார் என்பது எண்ணி எண்ணி வியக்கத் தக்கது அன்றோ!

பிறப்பும் கல்வியும்

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு அந்நாளைய தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் இசையன்பர்களுக்கு மகாராஜபுரம் விசுவநாதய்யரின் நினைவே முதலில் வரும். நிலவியல் படித்தவர்களுக்கோ, பாரதத்தில் எங்கிருந்தாலும், கிருஷ்ணன் பெயரே வரும்.

சென்னையில் நிலவியல் பயின்ற அவர், மேற்படிப்புக்காகக் கடல் கடந்து லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கு ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்று, 1924இல் தாயகம் திரும்பி, இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். ஜியலாஜிகல் சர்வே என்று வழங்கும் இத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாம் என்பவரின் தலைமையில் கல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. நிலக்கரியும் கனிகளும் எங்கெங்கு உள்ளன என்று அறிவதே ஆட்சியாளரின் முதல் நோக்கம். துறையின் உயர் பதவிகளில் நெடுங்காலம் ஐரோப்பியரே இருந்தனர். 1880இல் சேர்ந்த பிரமத நாத் போஸ், பின்னர் வந்த டி. என். வாடியா முதலிய இந்தியர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகக் கிருஷ்ணனும் நுழைந்தார்.

கங்பூர் மலைகளில்

அந்நாளில் நிலவியலாளரின் வாழ்க்கை மேசைமுன் அமர்ந்த வாழ்க்கை அன்று. பனிக்காலம் வந்தால் கூடாரமும் சுத்தியலும் திசைகாட்டியுமாகக் காட்டுக்குள் புகவேண்டும். மழைக்காலத்தில் கல்கத்தா திரும்பி வரைபடமும் அறிக்கையும் எழுதவேண்டும். கிருஷ்ணன் இவ்வாறு அலைந்த இடங்களுள் முக்கியமானது கங்பூர் சமஸ்தானம். அது இன்று ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டம். அதன் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1937இல் துறையின் ஆய்வு நூல்வரிசையில் 71ஆவதாக வெளிவந்தது.

மாணவர்கள் இதனைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கங்பூரின் பாறைகள் தட்டையாக அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. பூமியின் அழுத்தத்தால், நனைத்த வேட்டியைப் பிழிந்தாற்போல் மடிந்து கிடப்பவை. மடிப்பின் மேல்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்துபோய்விட்டது. எஞ்சிய அடிப்பகுதியைப் பார்த்து, முன்பு அது மேல்நோக்கி வளைந்ததா, கீழ்நோக்கி வளைந்ததா என்று தீர்மானிக்க வேண்டும். மேல்நோக்கிய மடிப்பாயின் நடுவில் உள்ள பாறையே மூத்தது. கீழ்நோக்கிய மடிப்பாயின் அதுவே இளையது. எனவே இந்த ஒரு முடிவைப் பொறுத்தே முழு வட்டாரத்தின் கால வரிசையும் அமையும். கிருஷ்ணன் மேல்நோக்கிய பெருமடிப்பு என்று முடிவு செய்தார். அவருக்குப் பின் 1960களில் அங்குச் சென்று ஆராய்ந்தவர்கள் அது கீழ்நோக்கிய மடிப்பே என்று வாதிட்டனர். அவ்வாறு வாதிடுவதற்கும் அவர் வரைந்த விரிவான படமே அடிப்படையாக அமைந்தது. அறிவியலில் ஒருவர் முடிவை அடுத்தவர் மாற்றுவது இயல்பு. மாற்றுவதற்குரிய அளவு தெளிவாக முன்னவர் எழுதி வைத்தாரா என்பதே கேள்வி. கிருஷ்ணன் எழுதி வைத்தார்.

சாத்தனூர்க் கல்மரம்

வெளி மாநிலங்களில் அலைந்த கிருஷ்ணனின் பெயர் நமக்கு அண்மையிலும் ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய் மாறிய அடிமரம் ஒன்று தரையில் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். அதனை 1940இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிவித்தவர் கிருஷ்ணனே. இன்று அது அளவைத் துறையின் பாதுகாப்பில் கல்மரப் பூங்காவாக விளங்குகிறது.

இம்மரம் அங்கு எப்படி வந்தது? அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரிட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றோடு அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. அதன் நாரெல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து அவ்விடத்தைக் கல் நிரப்பியது. ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி பிளான்போர்டு இவ்வட்டாரத்தை அளந்து, 1862இல் வெளியிட்ட நூலில் இக்கடற்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்திருந்தார். கல்லக்குடிச் சிமெண்டு ஆலைக்கு வாய்த்த சுண்ணாம்புக்கல்லும் இதே பழங்கடல் தந்த சீதனமே.

நம் கதைக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. ஏனெனில் அரியலூரில் வெயிலில் தெரியும் அப்படிவுகள் அங்கேயே முடிந்துவிடவில்லை. கிழக்கு நோக்கிச் சரிந்து, காவிரி வண்டலுக்கு அடியில் புகுந்து, கடலை நோக்கி ஆழ்ந்து செல்கின்றன. எவ்வளவு ஆழம்? அதனை அன்று அறிந்தார் இல்லை. காரைக்காலில் நிலத்தடியிலிருந்து கிடைத்த பழைய கிளிஞ்சல்களைப் பிரெஞ்சு அறிஞர் கோஸ்மான் 1900க்கும் 1910க்கும் இடையே ஆராய்ந்து எழுதியிருந்தார். மற்றபடி நம் வயல்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மூடிய பெட்டியாகவே இருந்தது.

போர்க்காலத்தில் ஒரு நூல்

கிருஷ்ணனுக்கு நிலைத்த புகழ் தந்தது 1943இல் சென்னையில் அச்சாகி வெளிவந்த இந்திய, பர்மிய நிலவியல் என்னும் பொருள்படும் ஆங்கில நூலாகும். வாடியாவின் இந்திய நிலவியல் நூல் 1919இலேயே வெளிவந்து வழிகாட்டியிருந்தது. எனினும் அளவைத் துறையின் பல்லாண்டுச் செய்திகள் எத்தனையோ அறிக்கைகளில் சிதறிக் கிடந்தன. ஓர் ஏழை மாணவன் அவற்றைத் தேடிச் சேர்த்துப் படிப்பது எங்ஙனம்? கிருஷ்ணன் அவற்றையெல்லாம் திரட்டி, பழமையான பாறை முதல் ஆற்று வண்டல் வரை கால வரிசைப்படுத்தி, அட்டவணைகளோடு ஒரு நூலாக்கினார்.

அது உலகப்போர் மூண்டிருந்த நேரம். நூலின் பெயரில் பாதியாக விளங்கிய பர்மா அப்போது ஜப்பானியர் வசம் இருந்தது. அத்தகைய நாளிலும் பர்மாவை விடாமல் சேர்த்து எழுதினார். அரசியல் எல்லை மாறலாம், மலைத்தொடரின் எல்லை மாறாது. இந்நூல் பலமுறை திருத்தப்பெற்று, 1960இல் நான்காம் பதிப்பும் 1968இல் ஐந்தாம் பதிப்பும் கண்டது. அவர் மறைந்த பிறகு 1982இலும் ஆறாம் பதிப்பு வந்தது. நாட்டில் நிலவியல் பயின்ற மாணவர் கையில் இந்நூல் தவழாத காலமே இல்லை எனலாம்.

நூறாண்டுத் துறையின் முதல் இந்தியத் தலைவர்

விடுதலைக்குப் பின் கனிவளத்தை வகைப்படுத்த 1948இல் இந்தியச் சுரங்கச் செயலகம் அமைந்தது. அதன் தலைமைப் பொறுப்பையும் கிருஷ்ணன் ஏற்றார். 1951இல் நிலவியல் அளவைத் துறை தன் நூறாம் ஆண்டை எட்டியது. ஓல்டாம் முதல் நூறாண்டுகள் ஐரோப்பியரே அமர்ந்திருந்த தலைமை நாற்காலியில் அவ்வாண்டு முதல் இந்தியராக அமர்ந்தவர் நம் கிருஷ்ணன். 1955 வரை அப்பதவியில் இருந்தார். சென்னை மாகாணத்தின் கனிவளங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூலும் இக்காலத்ததே.

புதிய நாட்டுக்கு இரும்பு வேண்டும், நிலக்கரி வேண்டும், சிமெண்டு வேண்டும், எண்ணெய் வேண்டும். ஐந்தாண்டுத் திட்டங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எது எங்குள்ளது என்று கேட்டவர்க்கெல்லாம் விடை சொல்ல வேண்டிய பொறுப்பு இத்துறையின்மேல் விழுந்தது. 1955இல் அளவைத் துறையைச் சேர்ந்த நிலவியலாளர் சிலரை மூலமாகக் கொண்டே எண்ணெய், இயற்கை எரிவாயு இயக்ககம் உருவாயிற்று. அதுவே மறு ஆண்டில் நாம் நன்கறிந்த ஓ.என்.ஜி.சி. நிறுவனமாக வளர்ந்தது.

நாட்டின் எலும்புக்கூடு

நிர்வாகச் சுமைகளுக்கு இடையே 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வே அவருடைய சிந்தனையின் சிகரம் எனத் தகும். துறையின் நூல்வரிசையில் 81ஆவதாக வந்த அது, இந்தியாவின் கட்டமைப்பு வரலாற்றையும் புவிப்பேரசைவு வரலாற்றையும் கூறுவது.

பாறை என்ன வகை, அதில் என்ன கனி என்று கேட்பது ஒரு வகை ஆராய்ச்சி. அப்பாறைகள் எத்திசையில் ஓடுகின்றன, எங்கே மடிந்தன, எங்கே முறிந்தன என்று நாடு முழுவதையும் ஒரு சேரப் பார்ப்பது இன்னொரு வகை. கிருஷ்ணன் இரண்டாவதைச் செய்தார். தென்னாட்டுப் பழம்பாறைகளில் ஐந்து பெரும் ஓட்டங்களை எடுத்துக்காட்டினார். வடகிழக்கு, தென்மேற்காக ஓடும் ஆரவல்லி ஓட்டம். ஏறக்குறைய வடக்கு, தெற்காக, சற்றே சாய்ந்து செல்லும் தார்வார் ஓட்டம். வங்கக் கரையை ஒட்டி வடகிழக்கு, தென்மேற்காகச் செல்லும் கிழக்குத் தொடர்ச்சி மலை ஓட்டம். வடமேற்கு, தென்கிழக்கான மகாநதி ஓட்டம். நாட்டின் இடுப்பில் கச்சை கட்டினாற்போல் செல்லும் சாத்பூரா ஓட்டம் என்பன அவை.

இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். விறகு பிளப்பவரைக் கவனியுங்கள். அவர் கோடரியை எப்பக்கமும் போடுவதில்லை. மரத்தின் ரேகை பார்த்தே போடுவார். கட்டை அந்த ரேகை வழியே பிளக்கும். நிலமும் அவ்வாறே. முன்னொரு காலத்தில் ஏற்பட்ட ஓட்டமே பின்னொரு காலத்தில் நிலம் எவ்வழியாகப் பிளக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நம் காலடியில்

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் சிதறியபோது, இன்றைய அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த நம் கிழக்குக் கரை பிரிந்தது. அந்த இழுப்பில் கரையோர நிலம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ரேகை பார்த்து, வடகிழக்கு, தென்மேற்காக நீள நீளமாக முறிந்தது. சில துண்டுகள் அமிழ்ந்து பள்ளமாயின. இடைப்பட்டவை மேடாக நின்றன. இதுவே காவிரிப் படுகை. ஆறு வந்தது வெகு காலம் கழித்து. முதலில் பள்ளம், பிறகே காவிரி.

1964இல் ஓ.என்.ஜி.சி. இப்படுகையில் முதல் ஆழ்துளையை இறக்கியது. அதன்பின் ஈர்ப்பு விசை அளவையாலும், வெடியதிர்ச்சி அளவையாலும், துளைகளாலும் மூடிய பெட்டி மெல்லத் திறந்தது. வரைபடத்தில் விரிந்த பெயர்களைப் பாருங்கள்: கும்பகோணம்–மாதானம் மேடு, காரைக்கால் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, வேதாரண்யம் மேடு. அவற்றின் இடையே தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம். தரைமேல் நின்று பார்த்தால் ஒரு சாண் ஏற்ற இறக்கம் தெரியாத நம் நாட்டின் அடியில் மலையும் பள்ளத்தாக்கும் புதைந்து கிடக்கின்றன. திருச்சியில் மலைக்கோட்டையாக வானில் நிற்கும் பழம்பாறை இனம், கிழக்கே ஆழ்ந்த பள்ளங்களில் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான படிவுகளின் கீழே அடித்தளமாகக் கிடக்கிறது. நம் வேளாங்கண்ணி நாகப்பட்டினப் பள்ளத்தின் பக்கம் அமைந்த ஊர்.

அப்படிவு அடுக்குகளுக்கு நிலவியலாளர் சூட்டிய பெயர்களும் நமக்கு அன்னியமானவை அல்ல. ஆண்டிமடம், புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், நிரவி, திருப்பூண்டி என்று நம் பேருந்துகளின் பெயர்ப்பலகையில் காணும் ஊர்களே கோடிக்கணக்கான ஆண்டு மூத்த பாறைகளின் பெயராகிவிட்டன. வேளாங்கண்ணிக்கு அடுத்த திருப்பூண்டி மாணவர் எத்தனை பேர் தம் ஊர்ப் பெயரில் ஒரு பாறை அடுக்கு உண்டு என்று அறிவார்?

1980களின் நடுவில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. எண்ணெய் வந்தது போலவே அச்சமும் வந்தது. துளையிட்ட ஊர்களில் நிலத்தடி நீர் என்னாகும், வயல் என்னாகும் என்று உழவர் கேட்டனர், போராடினர். 2020இல் தமிழக அரசு காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றி, புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடை செய்தது. இவ்வழக்கில் எப்பக்கம் நின்று பேசினாலும் காலடியில் உள்ளதை அறிந்து பேசவேண்டும். குடிநீர் எந்த அடுக்கில், உப்புநீர் எந்த அடுக்கில், எண்ணெய் எந்த அடுக்கில் என்று தெரியாதவன் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சமாட்டான், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவான்.

பர்மாவும் வேளாங்கண்ணியும்

கிருஷ்ணன் தம் நூலில் பர்மாவைச் சேர்த்ததை முன்னரே குறித்தோம். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அந்தமான், நிக்கோபார் தீவுகளாகத் தலைகாட்டி, சுமத்திரா வரை வில்லாக வளைந்து செல்கிறது. தனித்தனி நாடுகளாக நாம் படிப்பவை நிலவியலில் ஒரே தொடர். அவ்வில்லின் அடியில் இந்தியப் பெருங்கடலின் தளம் இன்றும் நுழைந்துகொண்டிருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அவ்வில்லின் தென்பகுதி சுமத்திராவுக்கு அருகே முறிந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடல் நம் கரையில் ஏறியது. வேளாங்கண்ணியில் விழாவுக்கு வந்திருந்த யாத்திரிகரும், கடை வைத்திருந்தோரும், கரையில் விளையாடிய குழந்தைகளும் மாண்டனர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்த இரண்டரை மணி நேரத்தில் நம்மை எச்சரிக்க எவரும் இல்லை. எச்சரிக்கும் நிலையம் 2007இல்தான் ஐதராபாத்தில் அமைந்தது. அவ்வில் எங்கிருந்து எங்கு வரை செல்கிறது என்பது நூலகத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த செய்தி. நூலில் உள்ளது கடற்கரைக்கு வந்து சேராததால் நாம் கொடுத்த விலை இது.

இறுதி ஆண்டுகள்

ஓய்வு பெற்ற பின்னும் கிருஷ்ணன் ஓயவில்லை. தன்பாத் சுரங்கப் பள்ளியிலும், வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானார். சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு வாழ்வைத் தொடங்கிய அவர், சுத்தியல் எட்டாத ஆழத்தைக் கருவிகளால் அறியும் கலைக்கு நாட்டில் வித்திட்டவர் வரிசையில் சேர்ந்தார். நம் கழிமுகம் போன்ற, பாறை கண்ணுக்குத் தெரியாத நாடுகளுக்கு வேண்டியதும் அக்கலையே.

1970இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவ்வாண்டிலேயே அவர் இயற்கை எய்தினார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்னும் புதிய கோட்பாடு உருப்பெற்று இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நரிமணத்து எண்ணெயை அவர் காணவில்லை. தம் தாயகத்தின் அடியில் புதைந்த மேடு பள்ளங்களின் முழுப் படத்தையும் காணவில்லை. எனினும் அப்படத்தைப் படிப்பதற்குரிய இலக்கணத்தை அவர் எழுதி வைத்துச் சென்றார். இந்தியப் புவி இயற்பியல் சங்கம் அவர் பெயரால் இளம் ஆய்வாளர்க்குப் பதக்கம் வழங்கி வருகிறது.

மாணவ நண்பர்களே, நம்மில் நிலவியலைப் பாடமாக எடுத்தவர் சிலரே. ஆயினும் விடுமுறையில் ஒருநாள் சாத்தனூர் சென்று அக்கல்மரத்தைத் தொட்டுப் பாருங்கள். அது கிடக்கும் கடற்படிவு அங்கிருந்து கிழக்கே சரிந்து, நம் நெல்வயல்களுக்கு அடியில் நுழைந்து, வேளாங்கண்ணிக் கடலுக்குள் செல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு கிருஷ்ணன் எழுதிய நூலை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.